மலையிலிருந்து மைதானத்துக்கு வந்த சொல்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஒருத்தி எழுதியது)

சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி அண்ணனுக்குச் சொந்தம். இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டம் என்றால் அவனுக்குச் சோறு, தண்ணீர் கூட வேண்டாம். நான் அதே அறையின் மூலையில் அமர்ந்து கணக்குப் போடுவேன். காதைப் பொத்திக்கொண்டா போட முடியும்? வர்ணனையாளர் சொல்வதெல்லாம் என் காதிலும் விழும். அப்படித்தான் ஒருநாள் இரவு, “கொப் பாடத் தொடங்கிவிட்டது” என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னது விழுந்தது.

ஆங்கிலேயர் வாயில் அச்சொல் ‘காப்’ என்றே ஒலிக்கிறது. எனக்குத் தெரிந்த ‘காப்’ போலீஸ்காரர்தான். “போலீஸ்காரங்க ஏண்ணா பாடறாங்க?” என்று கேட்டுவிட்டேன். அண்ணன் சிரித்த சிரிப்பில் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். “அடி மக்கு! லிவர்பூல் மைதானத்திலே கோல் கம்பத்துக்குப் பின்னாலே இருக்கே, பெரிய கேலரி, அதுக்குப் பேரு கொப்” என்றான். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். “பேருன்னா பேருதான்” என்று சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டத்தில் மூழ்கிவிட்டான்.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. திங்கட்கிழமை எங்கள் ஆங்கில ஆசிரியை சிஸ்டரிடம் கேட்டேன். அவர்கள் விடை சொல்லவில்லை. நூலகத்துக்கு அழைத்துச் சென்று, இரு கைகளாலும் தூக்க வேண்டிய அகராதியை மேசைமீது வைத்து, “தேடு” என்றார்கள். தேடினேன். அச்சொல்லின் பிறப்பிடம் இங்கிலாந்து அன்று. ‘ஆப்பிரிக்கான்ஸ்’ என்று போட்டிருந்தது. “இனி இதை விடாதே. முழுவதும் தெரிந்துகொண்டு ஆண்டு மலருக்கு எழுது” என்றார்கள் சிஸ்டர். அந்தக் கட்டளையின் பயனே இக்கட்டுரை.

ஆப்பிரிக்கான்ஸ் என்பது தென்னாப்பிரிக்காவில் பேசப்படும் ஒரு மொழி. பெயரைக் கேட்டால் ஆப்பிரிக்கப் பழங்குடி மக்களின் மொழி போலத் தோன்றும். ஆனால் அதன் தாய் டச்சு மொழி. 1652-ஆம் ஆண்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார், ஜான் வான் ரீபெக் என்பவர் தலைமையில் நன்னம்பிக்கை முனையில் வந்திறங்கினர். ஹாலந்திலிருந்து கீழ்த்திசை நாடுகளுக்குச் செல்லும் கப்பல்கள் காய்கறியும் குடிநீரும் ஏற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அதே கம்பெனியார்தாம் நம் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வாணிகம் செய்தவர்கள். நாம் இன்றும் காசைத் ‘துட்டு’ என்கிறோமே, அது டச்சுக்காரரின் சிறு செப்புக்காசின் பெயர் என்பர். ஆகவே அவர்கள் மொழி நமக்கு முற்றிலும் அந்நியம் அன்று!

நன்னம்பிக்கை முனையில் குடியேறிய டச்சுக்காரர் அங்கே தனியாக வாழவில்லை. அம்மண்ணின் கொய்கொய் மக்கள் இருந்தனர். ஜாவா, மலேயாத் தீவுகள், வங்காளம், சோழமண்டலக் கரை, மடகாஸ்கர் முதலிய இடங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் இருந்தனர். எசமானியின் அடுக்களையிலும் தோட்டத்திலும் இவர்கள் அனைவரும் ஒருவரோடொருவர் பேசிப் பேசி, டச்சு மொழி தன் கடினமான இலக்கணத்தை உதிர்த்துவிட்டு வேறொரு மொழியாயிற்று. படித்தவர்கள் நெடுங்காலம் அதை ‘அடுக்களை மொழி’ என்று இகழ்ந்தார்கள். அம்மொழியின் பழைய எழுத்துச் சுவடிகளுள் சில, 19-ஆம் நூற்றாண்டில் கேப் டவுன் முஸ்லிம்கள் தம் பிள்ளைகளுக்குச் சமயக் கல்வி புகட்ட அரபு எழுத்தில் எழுதியவை! 1925-இல் அது ஆட்சிமொழியாயிற்று. இன்று தென்னாப்பிரிக்காவின் 12 ஆட்சிமொழிகளுள் ஒன்று.

அடுக்களையில் பிறந்த மொழி பின்னாளில் ஆள்வோரின் மொழியாகி அடுத்தவரை அடித்ததும் உண்டு. கறுப்பின மாணவர்கள் பாதிப் பாடங்களை ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலேயே படிக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியபோது, 1976 ஜூன் 16-ஆம் நாள் சொவேட்டோ நகரில் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் சென்றனர். போலீசார் சுட்டனர். அன்று இறந்த ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனுக்கு வயது 12. என் தம்பியின் வயது. அதைப் படித்த அன்று என்னால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. அகராதியை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் மீண்டும் திறந்தேன். ஆப்பிரிக்கான்ஸிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்களில் சில நமக்கே பழக்கமானவை. மலையேறப் போகிறவர்கள் ‘ட்ரெக்கிங்’ என்கிறார்களே, அந்த ‘ட்ரெக்’ மாட்டு வண்டி கட்டி நெடும்பயணம் போவதைக் குறித்த சொல். செய்தித்தாளில் வரும் ‘கமாண்டோ’ படை, குதிரையேறிப் போரிட்ட போயர் விவசாயிகளின் படைப்பிரிவுப் பெயர். போயர் என்றாலே விவசாயி என்றுதான் பொருள். ‘அபார்த்தைட்’ என்ற கொடிய சொல்லும் அங்கிருந்து வந்ததே. இவற்றையெல்லாம் எங்கே பிறந்தவை என்று பலர் அறிவர். ‘கொப்’ மட்டும் தன் பிறப்பை மறைத்துக்கொண்டு மைதானத்தில் ஒளிந்திருக்கிறது.

கொப் என்றால் தலை. அவ்வளவுதான். ஜெர்மன் மொழியில் தலையைக் குறிக்கும் ‘கொப்ஃப்’ இதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்தின் ‘கப்’பும், அதாவது நாம் காப்பி குடிக்கும் கப்பும், இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறிந்தபோது எனக்கு நம்பமுடியவில்லை. கவிழ்த்து வைத்த கிண்ணம் போலத் தலை இருப்பதால் கிண்ணத்தின் பெயர் தலைக்கு வந்ததாம். பிறகு தலைபோல் நிமிர்ந்து நிற்கும் குன்றுக்கும் அப்பெயரே ஆயிற்று. சிறு குன்று ‘கொப்பி’. ஆப்பிரிக்கான்ஸ்காரர் தேநீர் அருந்தும் சிறு கிண்ணமும் ‘கொப்பி’தான்.

இதில் வியக்க ஒன்றுமில்லை, தோழியரே! நாமும் அதையேதான் செய்கிறோம். குழந்தையின் ‘உச்சி’யில் எண்ணெய் வைக்கிறோம், மலையின் ‘உச்சி’யில் ஏறுகிறோம். நம் திருச்சி நகரின் நடுவே மலைமேல் இருப்பவர் உச்சிப்பிள்ளையார். மலைக்கு அடியும் உண்டு, முகடும் உண்டு. உலகமெங்கும் மனிதன் மலையைப் பார்த்துத் தன் உடம்பையே நினைத்திருக்கிறான் போலும்.

இனி அந்த ஒரு குன்றுக்கு வருவோம். அதன் பெயர் ஸ்பியோன் கொப். ஸ்பியோன் என்றால் ஒற்றன். போயர்கள் அதன் தலையில் நின்று நாற்புறமும் நோட்டமிட்டதால் ‘ஒற்றன் குன்று’ என்றாயிற்று. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், லேடிஸ்மித் என்னும் ஊருக்குத் தென்மேற்கே இருக்கிறது.

1899 முதல் 1902 வரை பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் போர் நடந்தது. பொன்னும் வைரமும் விளையும் நாட்டை யார் ஆள்வது என்பதே வழக்கு. அம்மண்ணுக்கு உரிய கறுப்பின மக்களை இருவருமே கேட்கவில்லை. போர் தொடங்கிய சில வாரங்களிலேயே போயர்கள் லேடிஸ்மித்தை வளைத்துக்கொண்டனர். உள்ளே பிரிட்டிஷ் படை அகப்பட்டுக்கொண்டது. அதை மீட்க வந்தவர் தளபதி புல்லர். வழியை மறித்து நின்ற குன்றுகளுள் ஒன்றுதான் ஸ்பியோன் கொப். அதைப் பிடித்தால் வழி திறந்துவிடும் என்று எண்ணினார்கள்.

1900 ஜனவரி 23-ஆம் நாள் இரவு, இருட்டிலும் பனிமூட்டத்திலும் பிரிட்டிஷ் வீரர்கள் அக்குன்றின்மேல் ஏறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் லங்காஷயர் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். லங்காஷயர் என்பது லிவர்பூல் நகரம் அன்று இருந்த மாவட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இருந்த சிறு காவலை எளிதில் விரட்டிவிட்டு, பதுங்குகுழி தோண்டினார்கள். தரை முழுவதும் பாறை. மண்வெட்டியும் போதவில்லை. முழங்கால் ஆழம் கூட இறங்கவில்லை. போர்க்களத்தில் மணல் மூட்டை வேண்டுமே? அவற்றைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்!

காலையில் பனி விலகியது. அப்போதுதான் தெரிந்தது, தாம் குழி தோண்டியிருப்பது குன்றின் விளிம்பில் அன்று, நடுவில் என்பது. சுற்றியிருந்த மேடுகளில் மூன்று பக்கமும் போயர்கள். அவர்களுடைய பீரங்கியும் துப்பாக்கியும் அந்த ஆழமில்லாத குழியை நோக்கியே இருந்தன. பகல் முழுவதும் கோடை வெயில் (அங்கே ஜனவரி கோடைக்காலம்), குடிக்க நீர் இல்லை, தலை தூக்க வழியில்லை. தலை என்று பெயர் பெற்ற குன்றில் தலை தூக்கினவன் செத்தான்.

இரவு வந்ததும் மேலே பொறுப்பிலிருந்த அதிகாரி, இனி இயலாது என்று படையைக் கீழே இறக்கிவிட்டார். இதிலே ஒரு விசித்திரம் கேளுங்கள். அதே இரவில் போயர்களில் பெரும்பாலோரும் தோற்றுவிட்டோம் என்று எண்ணிக் குன்றை விட்டு விலகத் தொடங்கியிருந்தார்கள். மறுநாள் விடியலில் போயர்கள் பார்த்தபோது உச்சியில் உயிரோடு பிரிட்டிஷ் படை இல்லை. இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமே கிடந்தனர். அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர் 243 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்கள் தோண்டிய குழியிலேயே அவர்களைப் புதைத்தார்கள். அந்த நீண்ட குழி, மேலே வெள்ளைக் கற்கள் பரப்பிய கல்லறையாக இன்றும் அங்கே இருக்கிறது.

அக்குன்றைச் சுற்றி அன்று மூன்று பேர் இருந்தனர். ஒருவர் போயர் படையை நடத்திய லூயிஸ் போத்தா, வயது 37. பத்தாண்டுகள் கழித்துத் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் முதல் பிரதமரானார். மற்றொருவர் செய்தியாளராகவும் படை அதிகாரியாகவும் ஒரே நேரத்தில் இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், வயது 25. மாலையில் அவர் குன்றின்மேல் ஏறி நிலைமையைக் கண்டுவந்தார். மூன்றாமவர் துப்பாக்கி ஏந்தாதவர். கையில் செஞ்சிலுவைச் சின்னம் கட்டிய முப்பது வயது வழக்கறிஞர், மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

ஆம், நம் காந்தியடிகளேதான்! தம் மனம் போயர்கள் பக்கமே இரங்கியது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆயினும் பிரிட்டிஷ் குடிமகன் என்று உரிமை கேட்பவன், ஆபத்துக் காலத்தில் கடமையும் செய்ய வேண்டும் என்பது அன்று அவர் எண்ணம். கொல்வதற்குப் போகாமல், காயம்பட்டவர்களைத் தூக்கிவர ஓர் இந்திய அணியைத் திரட்டினார். அதில் ஏறக்குறைய 1,100 பேர். அவர்களில் சுமார் 300 பேர் சுதந்திரமாக வாழ்ந்த இந்தியர். மற்ற 800 பேர் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள்.

இந்த இடத்தில்தான் என் கை எழுதாமல் சற்று நின்றது. ஒப்பந்தக் கூலிகள் என்றால் யார்? 1860 நவம்பர் 16-ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு டர்பன் துறைமுகத்தில் முதல் தொகுதிக் கூலிகளை இறக்கியது. அதன்பின் ஐம்பது ஆண்டுகள் கப்பல் கப்பலாகக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தார், தமிழரும் தெலுங்கரும். அவர்கள் கைநாட்டு வைத்த ‘அக்ரிமென்ட்’ அவர்கள் வாயில் ‘கிர்மிட்’ ஆயிற்று. அதுவும் ஒரு சொல்லின் கதைதான். ஆனால் அந்தச் சொல்லை எந்த மைதானத்திலும் யாரும் பாடுவதில்லை.

இந்திய அணி துப்பாக்கிக் குண்டு எட்டும் எல்லைக்குள் வரத் தேவையில்லை என்பதே முதலில் செய்த ஏற்பாடு. ஸ்பியோன் கொப்பில் நிலைமை முற்றியபோது, “நீங்கள் வரக் கடமைப்பட்டவர்கள் அல்லர், வந்தால் அரசு நன்றியுடையதாக இருக்கும்” என்னும் பொருள்படத் தளபதி புல்லர் சொல்லியனுப்பினார். அவர்கள் தயங்கவில்லை. குண்டு விழும் எல்லைக்குள்ளேயே வேலை செய்தார்கள். அந்நாட்களில் காயம்பட்டவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துச் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மைல் நடந்ததாகக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் கூறுகிறார். போர்ச் செய்தி அறிக்கையில் புல்லர் அவ்வணியைப் பாராட்டினார். அணியின் தலைவர்களுக்குப் போர்ப் பதக்கமும் கிடைத்தது. தலைவர் என்ற சொல்லிலும் தலை இருக்கிறது, பாருங்கள். சுமந்த கூலிகளின் தோளுக்குப் பதக்கம் இல்லை.

சரி, குன்று எப்படி மைதானத்துக்குள் நுழைந்தது? அக்காலத்து ஆங்கிலக் கால்பந்து மைதானங்களில் பார்வையாளர் நிற்பதற்கென ஒரு பக்கம் மண்ணும் கரிக்கசடும் கொட்டிச் செங்குத்தாக மேடு கட்டுவார்கள். இருக்கை கிடையாது, ஏழைத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து நிற்பார்கள். போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த வேளையில், அப்படித் தொப்பித் தலைகள் அடுக்கடுக்காக நிற்கும் மேட்டைக் கண்டவர்களுக்குச் செய்தித்தாள்களில் படித்த அந்தக் குன்று நினைவுக்கு வந்தது. இலண்டனில் உல்விச் ஆர்சனல் அணியின் மைதான மேட்டை 1904-லேயே அப்பெயரால் குறித்தனர். 1906-இல் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் புதிய மேடு எழுந்தபோது, அந்நகரச் செய்தித்தாள் ஒன்றின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் எர்னஸ்ட் எட்வர்ட்ஸ் அதற்கு ‘ஸ்பியோன் கொப்’ என்று பெயர் சூட்டினார். ஷெஃபீல்டு, பர்மிங்காம் என்று பல ஊர் மைதானங்களிலும் கொப்புகள் முளைத்தன. நாளடைவில் ஒற்றன் உதிர்ந்துபோய் வெறும் கொப் மட்டும் நின்றது. அங்கே நின்று பாடும் ரசிகனுக்குக் ‘கொப்பைட்’ என்று பெயர். பிரெஞ்சுக்காரர்களும் இச்சொல்லைக் கடன் வாங்கி, தீவிர ரசிகர்கள் நிற்கும் பகுதியைக் ‘கொப்’ என்கிறார்கள். டச்சிலிருந்து ஆப்பிரிக்கா, அங்கிருந்து இங்கிலாந்து, பிறகு மீண்டும் கடல் கடந்து பிரான்ஸ், பாஸ்போர்ட் இல்லாமலே!

இதைப் படித்தவுடன் எனக்குக் கோபம்தான் வந்தது. 243 பேர் செத்த இடத்தின் பெயரையா ஆடிப்பாடும் இடத்துக்கு வைப்பது? சிஸ்டரிடம் சொன்னேன். சிஸ்டர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த மேட்டில் நின்றவர்கள் யாருடைய அண்ணன் தம்பிகள் என்று யோசித்தாயா?” என்று கேட்டார்கள். யோசித்தேன். குன்றில் மாண்டவர்கள் லங்காஷயர் பிள்ளைகள். ஆறே ஆண்டுகள் கழித்து அப்பெயரை வைத்ததும் அதே மாவட்டத்து மக்கள். அவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் கறுப்புத் துணி காய்ந்திருக்காது. அவர்கள் பரிகாசம் செய்யவில்லை. தம் பிள்ளைகளின் பெயரைச் சொல்ல ஓர் இடம் தேடியிருக்கலாம். பெயர் வைத்தவர்கள்மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. அண்ணனைப்போல “பேருன்னா பேருதான்” என்று இருப்பவர்கள்மேல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

ஆன்ஃபீல்டு கொப் 1928-இல் கூரை வேயப்பட்டு, ஏறக்குறைய 28,000 பேர் நிற்கும் பெருங்கூடமாயிற்று. 1989 ஏப்ரல் 15-ஆம் நாள் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் மாண்டபோது, மக்கள் ஆன்ஃபீல்டு மைதானத்துக்கு வந்து கொப் இருக்கும் பக்கத்தைப் பூக்களால் நிறைத்தார்கள். தம் பெயர் எதிலிருந்து வந்ததோ அந்த வேலையை அந்த மேடு அன்று மறுபடியும் செய்தது. அதன்பின் நின்று பார்க்கும் மேடுகளையே அங்கே ஒழித்து, எல்லாவற்றிலும் இருக்கை போட்டார்கள். 1994-இல் பழைய கொப்பும் இடிக்கப்பட்டது. இன்று அண்ணன் தொலைக்காட்சியில் பார்ப்பது இருக்கை போட்ட புதிய கொப். பெயர் மட்டும் எழுந்து நிற்கிறது.

சென்ற சனிக்கிழமை இக்கட்டுரையின் முதல் படியை அண்ணனிடம் காட்டினேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படித்தான். ஹெக்டர் பீட்டர்சனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போர்க்கதையை இருமுறை படித்தான்.

“இந்த இருபத்தஞ்சு மைல்னு போட்டிருக்கியே, எவ்வளவு தூரம் வரும்?” என்று கேட்டான்.

“நாற்பது கிலோமீட்டர். இருபது மைல்னாலும் முப்பத்திரண்டு.”

அவன் விரல் விட்டு எண்ணினான். “நம்ம வீட்டிலேருந்து குளித்தலை வரைக்கும்” என்றான். “ஆளைத் தூக்கிக்கிட்டு.”

“ஆளைத் தூக்கிக்கிட்டுத்தான்” என்றேன்.

அதற்குள் ஒரு கோல் விழுந்துவிட்டது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை.